கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர்!

வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கலாம் என்று தொழில் தொடங்குகிற நம்மில் பலரும் அடுப்பைப் பற்றி யோசிக்கிறோம். அரவையைப் பற்றி யோசிக்கிறோம். பாக்கெட் எந்த அளவு, லேபிள் என்ன நிறம் என்று வீட்டுக்காரரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுகிறோம். அந்த லேபிளில் எந்தப் போன் நம்பரைப் போடுவது என்று மட்டும் அரை நிமிஷம்கூட யோசிப்பதில்லை. கையில் ஒரு செல்போன் இருக்கிறதே, அந்த நம்பரையே போட்டால் போச்சு!

அதிலென்ன தப்பு என்கிறீர்களா? கேளுங்கள்.

எங்கள் வண்டியூரில் எனக்குத் தங்கை முறையாகிற ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். பிளவுஸ் தைப்பதில் கைராசிக்காரி. கடை போர்டில் அவளுடைய சொந்த செல் நம்பர். ராத்திரி பதினோரு மணிக்கு யார் யாரோ கூப்பிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாத படங்கள் வந்தன. ஒரு நம்பரைத் தடுத்தால் இன்னொரு நம்பரிலிருந்து வரும். நம்பரை மாற்றினால் நாலு வருஷமாகச் சேர்த்த வாடிக்கை போகும். மாற்றாவிட்டால் வீட்டில் நிம்மதி போகும். "இந்தக் கருமத்துக்குக் கடையே வேணாம், மூடிட்டு வீட்டுல இரு" என்று அவள் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். மூன்று மிஷின் ஓடுகிற கடை, இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிற கடை, ஒரு போன் நம்பரால் மூடப் பார்த்தது!

கடைக்கென்று தனி நம்பர் இருந்தால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி கிடையாது. அந்தத் தனி நம்பரை இன்டர்நெட் வழியாகவே வாங்கிக்கொள்ளும் வசதி இப்போது வந்திருக்கிறது. நானும் என் மதினியும் பக்கத்து வீட்டு அக்காவுமாக மூன்று பேர் சேர்ந்து சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, வடகம் என்று செய்து விற்கிறோம். எங்கள் தொழிலுக்கு ஒரு போன் ஏற்பாடு செய்ய நாலு இடத்தில் விசாரித்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

இன்டர்நெட் போன் என்றால் என்ன?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய போனில் நாம் பேசும் குரல் செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சுக்குப் போனது. இன்டர்நெட் போனில் அதே குரலைக் கம்ப்யூட்டர் எண்களாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். பொதுவாக ஒரு பொட்டலத்தில் 20 மில்லி செகண்டு பேச்சு. ஆக ஒரு செகண்டுக்கு 50 பொட்டலம். அந்தப் பக்கம் அவற்றைப் பிரித்து வரிசைப்படுத்திக் காதில் விடுகிறார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். நேரம் தப்பி வந்தால் எத்தனை கூடை வந்து என்ன பிரயோஜனம்? குரல் பொட்டலமும் அப்படித்தான். தாமதித்து வந்ததைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் சில நேரம் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. ஒருவர் பேசுவது அடுத்தவர் காதில் விழ 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கம் சொல்லுகிறது. அதைவிட வெகுவாக அதிகமானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று உபசாரம் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்!

இங்கே ஒரு விஷயம். "எங்க லைன் 100 மெகாபிட் வேகம், 200 மெகாபிட் வேகம்" என்று சொல்லி ஆளை மயக்குவார்கள். பேச்சுக்கு அவ்வளவு வேகம் வேண்டியதே இல்லை. ஒரு பேச்சுக்குப் போக 100 கிலோபிட், வர 100 கிலோபிட் இருந்தால் தாராளம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்தான். வேண்டியது வேகமல்ல, நிதானம். லைன் சாயங்காலம் ஏழு மணிக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். தெருவிலுள்ள பிள்ளைகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சினிமா பார்க்கிற நேரம் அது. காலை பதினோரு மணிக்குப் பேசிப் பார்த்துவிட்டு "ஆகா, பிரமாதம்!" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டில் இன்டர்நெட் மூலம் பேசுவதற்கு 2002ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியே அனுமதி வந்தது. ஆனால் அப்போது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசலாம், வெளிநாட்டுக்குப் பேசலாம். உள்ளூர்ப் போனைக் கூப்பிடக் கூடாது. துபாயிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்கள் ஸ்கைப்பில் முகம் பார்த்துப் பேசியதெல்லாம் அதற்கடுத்த வருஷங்களில்தான். அந்த ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடியே விட்டார்கள். 2018இல்தான் சட்டம் தளர்ந்தது. அந்த வருஷம் ஜூலையில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'விங்ஸ்' என்ற பெயரில், இன்டர்நெட் வழியாக எந்தப் போனையும் கூப்பிடும் சேவையை அறிவித்தது. இன்றைக்கு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினால் கூடவே தருகிறார்களே ஒரு லேண்ட்லைன் நம்பர், அதுவும் இந்த ரகம்தான். பலர் வீட்டில் அந்த 0452 நம்பர் சும்மா கிடக்கிறது. அந்தப் பெட்டியில் போனைச் சொருகக்கூட இல்லை!

மூன்று ரகம்

ஒன்று, நான் இப்போது சொன்ன ஃபைபர் லேண்ட்லைன். பெட்டியின் பின்பக்கம் போன் சொருகும் துளை இருக்கும். பரணில் கிடக்கிற பழைய போனைக்கூட அதில் மாட்டலாம். சில கம்பெனிகள் தங்கள் செயலியைச் செல்போனில் போட்டுக்கொண்டால் லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பைச் செல்போனிலேயே எடுக்கவும் விடுகின்றன. வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும்தானா, மீனாட்சி கோயிலுக்குப் போயிருந்தாலும் அடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட 2021 ஜனவரி 15 முதல் முன்னால் ஒரு பூஜ்யம் போட வேண்டும். எங்கள் அக்கா அது தெரியாமல், "கனெக்சனே குடுக்கல" என்று ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, வாட்ஸ்அப் பிசினஸ். 2018இல் வந்தது, சின்ன வியாபாரிகளுக்கு இலவசம். நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை லேண்ட்லைன் நம்பரிலும் பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. பதிவு செய்யும்போது எஸ்.எம்.எஸ். வேண்டாம், "என்னைக் கூப்பிட்டுச் சொல்" என்று கேட்டால், லேண்ட்லைன் அடிக்கும். ஆறு இலக்க எண்ணை ஒரு குரல் சொல்லும். அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். பொருளும் விலையும் படத்தோடு அடுக்கி வைக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் யார் செய்தி அனுப்பினாலும், "நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பதில் சொல்லுகிறோம்" என்று அதுவே பதில் போடும். நம்முடைய சொந்த செல் நம்பர் வெளியே தெரியவே தெரியாது. அந்த ஆறு இலக்க எண்ணை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மாமியார் கேட்டாலும் சொல்லாதீர்கள்!

மூன்றாவது, 'கிளவுட்' எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். பெரிய ஆபீஸ்களில் ஒரு அம்மாள் உட்கார்ந்து லைனைத் தட்டிவிடுவாரே, அந்த வேலையை எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் செய்கிறது. ஒரே நம்பர், கூப்பிட்டால் மூன்று பேர் செல்போனிலும் அடிக்கும், அல்லது ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். யார் கூப்பிட்டார்கள், யார் எடுத்தார்கள், எதை விட்டுவிட்டோம் என்று கணக்கும் வரும். ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று மாத வாடகை. எக்ஸ்சேஞ்ச் இன்டர்நெட்டில் இருந்தாலும், நம் செல்போனுக்கு வரும்போது பல கம்பெனிகள் அதைச் சாதாரண அழைப்பாகவே தட்டிவிடுகின்றன. நம் வீட்டு இன்டர்நெட் படுத்துவிட்டாலும் போன் அடிக்கும் என்பது இதில் பெரிய சௌகரியம்.

நாலைந்து ஆட்கள், இரண்டு இடம், டெலிவரிக்குப் பையன்கள் என்று தொழில் வளர்ந்தவர்களுக்கு இது சரி. இரண்டு மூன்று பேராகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஃபைபர் நம்பரும் அதன்மேல் வாட்ஸ்அப் பிசினஸுமே போதும் என்பது என் கட்சி. "ஆர்டருக்கு ஒன்றை அழுத்தவும், பாக்கிக்கு இரண்டை அழுத்தவும்" என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. எங்கள் வாடிக்கையில் பாதிப்பேர் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள். "யாரும்மா பேசுறது? கால் கிலோ பருப்புப் பொடி வேணும்" என்று அந்தக் கம்ப்யூட்டர் குரலிடமே சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள்!

கரெண்ட் போனால்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பழைய செம்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் போனை எடுத்தால் 'கர்ர்' என்று சத்தம் கேட்டது அதனால்தான். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. நம் வீட்டுப் பெட்டிக்குக் கரெண்ட் நின்றால் போனும் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையில் நிறுத்திவிட்டு மத்தியானம் கொடுக்கிற நாட்களை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஆர்டர் வருகிற நேரமே அதுதானே?

இந்தப் பாடத்தை நம் பக்கத்தில் ஏற்கெனவே படித்தவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர் யார்? 2001 வாக்கில் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத இணைப்பு அவற்றுக்குப் பயன்பட்டது. ஒரே இணைப்பில் போனும் பேசலாம், இன்டர்நெட்டும் பார்க்கலாம். கிராமத்து மையத்தில் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டார்கள். மதுரைக்கு பஸ் ஏற வேண்டுமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்து, தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சுற்றுக் கிராமங்களின் பார்வை மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. நோயாளி கிராமத்தில், டாக்டர் தேனியில். முகம் பார்த்துப் பேச்சு. அந்தப் பல்கலைக்கழகத்தார் 2008இல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். அடிக்கடி கோளாறு வந்தது எதனால் என்கிறீர்கள்? வைஃபையாலோ கம்ப்யூட்டராலோ அல்ல. பெரும்பாலும் கரெண்டால்! வோல்டேஜ் திடீரென்று ஏறுவது, இறங்குவது, பட்டென்று போவது. இதற்காகவே மின்சாரத்தைச் சீர்செய்து கொடுக்கும் கருவிகளைத் தனியாகச் செய்து மாட்ட வேண்டி வந்தது. அத்தனை பெரிய படிப்பாளிகளே முதலில் கரெண்டைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது என்றால், பொடி விற்கிற நாம் கவனிக்க வேண்டாமா?

ஆகவே ஃபைபர் பெட்டிக்கென்றே விற்கிற சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டுங்கள். பெட்டிக்கு எத்தனை வோல்ட் என்று அதன் அடியில் எழுதியிருக்கும். அதற்குப் பொருத்தமானதை வாங்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ஃபைபர் பெட்டி சொருகியிருக்கிற பிளக்குக்கு அதிலிருந்து லைன் வருகிறதா என்று எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் கொடுத்திருப்பார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. நம் பெட்டிக்குக் கரெண்ட் இருந்து, அவர்கள் பெட்டிக்கு இல்லாவிட்டால்? தெருவில் கேபிள் நடத்துகிறவர்களிடம் இணைப்பு வாங்குகிறவர்கள், "தம்பி, உங்க மெயின் பெட்டி எங்க இருக்கு? கரெண்ட் போனா பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேளுங்கள். உடனே மணிக்கணக்கு சொல்கிற தம்பி நல்ல தம்பி. "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் வராதுக்கா" என்று சிரிக்கிற தம்பியிடம் கொஞ்சம் ஜாக்கிரதை! எல்லாம் கைவிட்டால், வரும் அழைப்பு தானாக நம் செல்போனுக்குத் திரும்பும்படி ஏற்பாடு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கி வண்டியூர் வந்து தங்குகிற நாட்களில் கூடுகிற ஜனத்துக்குச் செல்போன் டவர்கள் திணறிப்போகும். அந்த நேரம் வீட்டு ஃபைபர்தான் கை கொடுக்கிறது. செல்போனில் 'வைஃபை காலிங்' என்ற வசதியைத் திறந்து வைத்தால் சாதாரணச் செல் அழைப்பே வீட்டு வைஃபை வழியாக வந்துவிடும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. டவர் எட்டாத உள்ளறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நல்ல உபகாரம்.

நம்பர் யாருடையது?

ஒரு கம்பெனி ஆள் வந்து மணிக்கணக்கில் விளக்கினார். வாடகை சொன்னார், சலுகை சொன்னார், ஒரு மாதம் இலவசம் என்றார். "எல்லாஞ் சரி தம்பி, நாளைக்கு உங்களை விட்டுப் போனா நம்பரு என்கூட வருமா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அது கம்பெனி நம்பர்ங்க மேடம்."

செல்போனுக்கு 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி இருக்கிறது. லேண்ட்லைன் நம்பருக்கு அது கிடையாது. ஒரு கம்பெனியின் ஃபைபரை விட்டால் அந்த நம்பரையும் விட்டுவிட வேண்டியதுதான். பொடி நன்றாக இருந்தால் வாடிக்கை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கூப்பிடும் நம்பர் செத்திருந்தால் அவர்கள் எங்கே தேடுவார்கள்? அதனால், வாடகையில் ஐம்பது ரூபாய் குறைகிறதே என்று கம்பெனியைத் தேர்ந்தெடுக்காமல், ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருக்க முடியுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கூட்டாகத் தொழில் செய்கிறவர்கள் கொழுந்தன் பெயரில் வாங்குவது, வீட்டு ஓனர் பெயரில் வாங்குவது வேண்டாம். மனஸ்தாபம் வரும்போது அது முதலில் போனில்தான் வெடிக்கும்.

'ஒரு நம்பர் எப்போதும் என்னுடனேயே இருக்க வேண்டும்' என்கிறவர்கள் தனியாக ஒரு சிம் வாங்கித் தொழிலுக்கென்று வைத்துக்கொண்டு, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளலாம். அந்த சிம் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறும். இன்டர்நெட் போனைவிட இது பழங்காலத்து வழிதான். ஆனால் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவளுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

இன்னும் இரண்டொரு எச்சரிக்கை. இன்டர்நெட் போனுக்குக் கொடுக்கும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். எங்கிருந்தோ நுழைந்து நம் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுகிற திருடர்கள் உண்டு. ஐ.எஸ்.டி. தேவையில்லையென்றால் மூடிவிடச் சொல்லுங்கள். பேச்சைப் பதிவு செய்யும் வசதி வைத்திருந்தால் பேசுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். "மாடியில ஒரு சின்னப் பெட்டி வச்சுக்கிறோம், நிறைய சிம் இருக்கும், மாசம் வாடகை தர்றோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பைத் திருட்டுத்தனமாக உள்ளூர் அழைப்பாக மாற்றுகிற கள்ள எக்ஸ்சேஞ்ச் அது. போலீஸ் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஆம்புலன்ஸுக்கு 108, ஆபத்துக்கு 112, தொந்தரவுக்கு ஆளாகும் பெண்களுக்கு 181. இவற்றைச் செல்போனிலேயே கூப்பிடப் பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் இன்டர்நெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இணையத்தில் பணம் ஏமாந்தால் 1930.

எங்கள் மூவருக்கும் இப்போது ஃபைபரோடு வந்த 0452 நம்பர், அதன்மேல் வாட்ஸ்அப் பிசினஸ், பெட்டிக்குக் குட்டி யூ.பி.எஸ். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரைதான் போன். மிளகாய் வறுக்கிற நெடியில் நான் தும்மிக்கொண்டிருந்தால் மதினி எடுக்கிறாள். மதினி ஊருக்குப் போனால் அக்கா. யார் எடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்தத் தையல்காரத் தங்கையும் இதேபோல ஒரு நம்பர் வாங்கி போர்டை மாற்றி எழுதினாள். கண்ட நேரத்தில் கூப்பிடுகிறவர்கள் இன்னும் கூப்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் பூட்டின கடைக்குள் போன் அடித்தால் அவளுக்கென்ன?

நம்பர் மாற்றுகிறவர்கள் பழைய செல் நம்பரை ஒரேயடியாக வெட்டிவிட வேண்டாம். பழைய வாடிக்கை முழுவதற்கும் புது நம்பரிலிருந்து நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாங்கள் மூன்று பேரும் நாளுக்கு இருபது பேர் என்று பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். நம்பரைச் சொல்லத்தான் கூப்பிட்டோம். பாதிப்பேர் "கூப்பிட்டதே கூப்பிட்டீங்க, அரைக்கிலோ சாம்பார்ப் பொடி அனுப்பிடுங்க" என்றார்கள்.